ஒரு கோலும் விழாத மேட்ச்

நான்காவது மேட்ச்சில் பதினோராவது கோல் விழுந்ததும், ஸ்கோர் பலகையில் எழுதுகிறவர் சைமன்ராஜிடம் வந்து, "சார், வேற சாக்பீஸ் இருக்குங்களா?" என்று கேட்டார்.

சைமன்ராஜ் மந்தாரக்குப்பத்தில் ஒரு கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர். அந்த சீசனில் அவர் பார்த்த வைத்தியமெல்லாம் வியாதியைத்தான் வளர்த்தது. முதல் மேட்ச்சில் நாலு கோல் வாங்கினார்கள். கோல்கீப்பர் சிலம்பரசனுக்குப் புது கிளவுஸ் வாங்கிக் கொடுத்தார். பந்து வழுக்கி ஆறு கோல். கோலுக்கு முன்னால் கூடுதலாக இரண்டு பேரை நிறுத்தினார். அவர்களே தங்கள் கோலில் மூன்று அடித்து மொத்தம் ஒன்பது. பயிற்சியை இரட்டிப்பாக்கினார், பையன்கள் ஓய்ந்துபோய், இதோ, பதினொன்று.

தாளாளர் அய்யாசாமி கூப்பிட்டனுப்பினார்.

"இன்னும் ஒரு மேட்ச்தான சைமன்ராஜ்? அதுலயும் தோத்தா டீமும் வேணாம், கிரவுண்டும் வேணாம். காலேஜ் பஸ் நிறுத்த எடமில்லாம கெடக்குது."

"ஜெயிக்கணுங்களா சார்?"

"அவ்ளோ பேராசை எனக்கில்ல. தோக்காம வாங்க, போதும்."

மேட்ச் அன்று காலையில் சிலம்பரசன் கையில் கட்டோடு வந்து நின்றான். பைக்கில் விழுந்துவிட்டானாம்.

சைமன்ராஜ் வகுப்பு வகுப்பாக ஓடினார். கணித வகுப்பின் கடைசி பெஞ்ச்சில், எழுந்தால் மின்விசிறியில் தலை இடிக்கும் உயரத்தில் ஜோஸ்வா இருந்தான்.

"எனக்கு ஃபுட்பால் தெரியாது சார்."

"தெரிஞ்சவங்க பதினொண்ணு வாங்கிட்டாங்கப்பா. நீ வா."

நெய்வேலி நகரியத்து மைதானம். எதிரே அந்த சீசனில் தோல்வியே காணாத அணி. அதன் கேப்டன் பிரவீன்குமார் மூன்றாவது நிமிடத்திலேயே இடது மூலைக்கு ஒரு பந்தை விட்டான். சைமன்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது ஜோஸ்வா இடது மூலையில் கிடந்தான். பந்து அவன் முதுகில் பட்டு வெளியே போயிருந்தது.

அடுத்தது வலது பக்கம். ஜோஸ்வா அங்கே இருந்தான். அடுத்தது உயரே வந்தது. ஜோஸ்வாவும் உயரே இருந்தான்.

"சார்," என்றான் சிலம்பரசன் மெதுவாக. "அவன் பந்தையே பாக்கல சார். கண்ண மூடிக்கினு பாயறான்!"

"அவன் பாக்கத் தேவையில்லடா. அவனுக்கு முன்னாடியே தெரியுது." சைமன்ராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபத்திரண்டு வருஷமாக விசில் ஊதுகிறார். இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

சுரங்கத்தில் ஜெனரல் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வேலியோரம் நின்றார்கள். பதினேழு பந்து. பதினேழும் ஜோஸ்வாவின் தோளில், தொடையில், வயிற்றில். எதிரணியின் பெஞ்ச்சில் இருந்தவர்களே எழுந்து கைதட்டினார்கள்.

கடைசி நிமிடத்தில் பெனால்டி.

ஜோஸ்வா இடது கம்பத்தோடு ஒட்டி நின்றுகொண்டான். முக்கால்வாசி கோல் திறந்து கிடந்தது.

"என்ன சார் இது?"

"சவால் விடறாண்டா!"

பிரவீன்குமார் காலி இடத்தைப் பார்த்து ஓங்கி உதைத்தான். அவன் கால் பந்தில் படுவதற்குள் ஜோஸ்வா பாய்ந்து ஓடி அந்தக் காலி இடத்துக்கே போயிருந்தான். நெஞ்சில் மோதிய பந்து வேலிக்கு மேலே பறந்தது.

விசில். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அணி ஜோஸ்வாவைத் தோளில் தூக்கியது. பிரவீன்குமாரே ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்த சைமன்ராஜிடம், தண்ணீர் பாட்டிலோடு நின்ற ஒரு பெண்மணி, "நான் ஜோஸ்வாவோட அம்மா சார், மேரிசெல்வி," என்றார்.

சைமன்ராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, பந்து எங்க வரும்னு உங்க புள்ள கண்ண மூடிக்கினே கண்டுபுடிக்கிறான். ஸ்டேட் செலக்‌ஷனுக்கு அனுப்புங்கம்மா!"

"கண்டுபுடிச்சிருந்தா ஒரு அடியாவது தப்பிச்சிருப்பானே சார்! பந்துன்னாலே அவனுக்குச் சின்னதுலேருந்து பயம். மேல பட்டுடப் போவுதுன்னு அந்தாண்டயும் இந்தாண்டயும் ஓடிக்கினே இருந்தான். பாவம், ஒண்ணுகூட தப்பல!"