மாமாவுக்குப் பார்க்க மட்டும்

நமக்கு என்ன வேலை தெரியும் என்பதைக் கல்யாண வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது. கார் ஓட்டத் தெரியும் என்றால் சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புவார்கள். சமையல் தெரியும் என்றால் முகூர்த்தம் முடியும்வரை அண்டா பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். இதெல்லாம் தெரிந்தும் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

எனக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. ஆன்லைன் படிவம் என்று ஒன்று இருந்தால் அதை யார் நிரப்பலாம், யார் திருத்தலாம், யார் ஒப்புதல் கொடுக்கலாம், யார் வெறுமனே பார்க்கலாம் என்று பிரித்து அனுமதி கொடுக்கிற வேலை. சொந்த ஊரான கம்பத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இதை விளக்க முடியாமல், "கம்ப்யூட்டருக்குள்ள வாட்ச்மேன் மாதிரி" என்று சொல்லி வைத்திருந்தேன். (அதுக்கா இம்புட்டுப் படிப்பு என்று அத்தை கேட்டது தனிக் கதை.)

என் தங்கை கவிதாவுக்கு ஆண்டிபட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணமும் அங்கேதான். முதல் நாள் மதியமே எங்கள் ஆட்கள் ஒரு பஸ்ஸில் கிளம்பி, சாயங்காலம் மண்டபத்தில் இறங்கி, மறுநாள் காலை முகூர்த்தத்துக்குத் தயாராக வேண்டும். யார் யார் எங்கே ஏறுகிறார்கள் என்று எழுத அப்பா ஒரு பேப்பரைத் தேடிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே விழுந்தேன்.

"பேப்பர்லாம் எதுக்குப்பா? நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டேன். பெயர், ஏறும் இடம், சீட் எண் என்று ஒரு படிவம் செய்தேன். நிரப்பியவர்கள் பெயரெல்லாம் ஓர் அட்டவணையில் தானாகப் போய் உட்காரும். ஒரு ஊரில் ஏற ஆளே இல்லை என்றால் அந்த ஊர் பட்டியலிலிருந்து தானாக உதிர்ந்துவிடும். கடைசியில் நான் ஒப்புதல் பொத்தானை அழுத்தினால் முழுப் பட்டியலும் டிரைவர் போனுக்குப் போய்விடும். ஆபீசில்கூட நான் இவ்வளவு அக்கறையாக ஒரு வேலையைச் செய்ததில்லை. யாரும் பாராட்டாததால் நானே இரண்டு தடவை பாராட்டிக்கொண்டேன்.

அட்டவணையை எல்லோருக்கும் 'பார்க்க மட்டும்' என்று வைத்தேன். திருத்துவது நான் ஒருவன்தான். தொழிலின் முதல் பாடம் அது. அந்தப் பாடம் எங்கள் குடும்பத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. முதல் போன் அப்பாவின் தங்கை அம்சா அத்தையிடமிருந்து வந்தது.

"ஏப்பா மருமகனே, என்னையப் பாக்க மட்டும்னு போட்ருக்கியாம்ல. அப்ப நான் தொடக் கூடாதா?"

"அப்படியில்ல அத்த. அது ஒரு பாதுகாப்புக்கு."

"யாருகிட்ட இருந்து பாதுகாப்பு? எங்கிட்ட இருந்தா? ஒங்கப்பன்கூடப் பொறந்தவகிட்ட இருந்தா?"

கொடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பெரியப்பா கூப்பிட்டார். "அம்சாவுக்குக் குடுத்துருக்கியாம். மூத்தவன் நான் ஒருத்தன் இருக்கேன், நெனப்புல இருக்கா?" அவருக்கும் கொடுத்தேன். பெரியப்பாவுக்குக் கொடுத்தது தெரிந்ததும் சித்தப்பா. அப்புறம் சித்தப்பாவின் சம்பந்தி. எங்கள் ஊரில் கோயில் மரியாதை முதலில் யாருக்கு என்பதில் எத்தனையோ திருவிழா நின்றிருக்கிறது. இதுவும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் திருத்தும் அனுமதி போய்விட்டது. டச் போனே இல்லாத ஒரு தாத்தாவுக்குப் பக்கத்து வீட்டுப் போன் வழியாகக் கொடுத்தேன்.

ஒரே ஓர் ஆள் மட்டும் கேட்கவில்லை. முருகேசன் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. லோயர் கேம்ப்பில் டீக்கடை வைத்திருப்பவர். படிவத்தை முதன்முதலில் ஒழுங்காக நிரப்பியவரும் அவர்தான். அவர் தாய்மாமன் என்பதால் முன்சீட்டை அவருக்கு நானே போட்டு வைத்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை, அதனால் எனக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. சண்டை போட்டவர்களுக்கெல்லாம் சாவியைக் கொடுத்துவிட்டு, சும்மா இருந்தவரை ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்டேன். இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

மறுநாளிலிருந்து பஸ் ஓடுவதற்கு முன்பே சீட்டுகள் ஓட ஆரம்பித்தன. பெரியப்பா தனக்கு ஆகாதவர்களை டயர் மேல் சீட்டுக்குத் தள்ளினார். அவர்கள் மதியம் பெரியப்பாவைக் கடைசி சீட்டுக்குத் தள்ளினார்கள். இதைப் பற்றி எனக்கு வந்த போன்களை எண்ணி மாளாது. கடைசியில் வாட்ஸ்அப் குழுவில் ஆபீஸ் மொழியில் ஓர் அறிவிப்புப் போட்டேன். 'சீட் தொடர்பாக யாரும் போன் செய்ய வேண்டாம். எதுவானாலும் படிவம் வழியாக மட்டும்.' போட்டுவிட்டுப் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டேன்.

அத்தைக்குப் பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்தால் குமட்டும். அதனால் முன்சீட்டில் இருந்த பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அழித்த பெயரை வேறு சீட்டுக்கு நான் மாற்றிக்கொள்வேன் என்று நினைத்தாராம். அங்கே இருந்தது மாமாவின் பெயர். லோயர் கேம்ப்பில் ஏறுகிற ஒரே ஆளும் மாமாதான் (மாமிக்கு முழங்கால் வலி, வரவில்லை). அவர் பெயர் போனதும் அந்த ஊரும் உதிர்ந்துவிட்டது. நான் பெருமையாகச் செய்த வசதி அல்லவா, துளி பிசகில்லாமல் வேலை செய்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் ஒரே சீட் எண் இரண்டு தடவை வரவில்லையே என்று மட்டும் பார்த்துவிட்டு ஒப்புதலை அழுத்தினேன். பெயர்களைப் படிக்கவில்லை.

அப்பா, அம்மா, கவிதாவோடு நான் காரில் முன்னாலேயே ஆண்டிபட்டி போய்விட்டேன். சாயங்காலம் பஸ் வந்து நின்றதும் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் பெண் மணமேடை ஏறும். அந்த மாலை மாமாவோடு வர வேண்டும்.

"ஏலே, மாமன் எங்கன?" என்றார் அம்மா.

"பின்னாடி இருப்பாகம்மா."

பின்னாடியும் இல்லை. முன்சீட்டிலிருந்து தெம்பாக இறங்கிய அத்தை சொன்னார், "லோயர் கேம்ப்புக்கு பஸ்ஸே போகலியே. ஒன் லிஸ்டுல அந்த ஊரு இல்லைன்னு டிரைவர் சொன்னாரு."

அம்மா பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. நான் போனை எடுத்துப் பார்த்தேன். முந்தின நாள் மாமா கூப்பிட்டிருந்தார். திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. "ரோசக்காரன். காலையில தானா வந்துருவான்" என்றார் அப்பா. அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு நான் கிளம்பியிருக்க வேண்டும். சௌகரியமாகத் தலையாட்டிவிட்டு இருந்துவிட்டேன்.

விடிவதற்கு முன் அம்மா என்னை உலுக்கி எழுப்பினார். "காலுல விழுந்தாவது கூட்டிட்டு வா. முகூர்த்தத்துக்கு நீ இல்லாட்டியும் பரவாயில்ல, அவென் இருக்கணும்." காரை எடுத்துக்கொண்டு பறந்தேன். லோயர் கேம்ப்பில் மாமி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அவுக மொத பஸ்ஸுக்கே போயிட்டாகளே. நேத்தெல்லாம் கடையவும் திறக்கல, போனையும் அமத்திப் போட்டுட்டு ஒக்காந்திருந்தாக. காலையில எந்திரிச்சு, லிஸ்டுல பேரு இல்லாட்டி என்ன, அவ எம் மருமகதானேன்னு சொல்லிட்டு மாலையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாக."

வழியில் எங்கேயோ நாங்கள் ஒருவரை ஒருவர் கடந்துவிட்டோம். மாமா ஏறிய பஸ் எல்லா ஊரிலும் நின்று நின்று ஆண்டிபட்டி போய்ச் சேர்ந்தபோது, நல்ல நேரம் தாண்டக் கூடாது என்று தாலி கட்டியாகிவிட்டது. நான் அதற்கும் பிறகு. மாப்பிள்ளைக்குக் கால் கழுவி மோதிரம் வாங்க வேண்டிய மைத்துனன் நான். என் இடத்தில் பெரியப்பா மகன் நின்று கழுவியிருந்தான். (அந்த மோதிரத்தை அவன் இன்றுவரை கழற்றவில்லை. என்னைப் பார்த்தால் அந்தக் கையால்தான் மீசையைத் தடவுவான்.)

மாமா மேடைக்குக் கீழே ஓரமாக நின்றிருந்தார். கையில் மாலைப் பை.

"மேல வாங்க மாமா" என்றேன்.

"இருக்கட்டும் மாப்ள. எனக்குப் பாக்க மட்டுந்தான குடுத்துருக்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. அதற்குள் கவிதா பட்டுப்புடவையும் மாலையுமாக மேடையை விட்டு இறங்கி வந்து அவர் முன்னால் கழுத்தைக் குனிந்தாள். தாலிக்கு முன்னால் விழ வேண்டிய மாலை தாலிக்கு மேலே விழுந்தது. போட்டோகிராபர் பந்தியைப் படமெடுக்கப் போயிருந்ததால் ஆல்பத்தில் அது கிடையாது.

சென்னைக்குத் திரும்பிய பிறகு, பல நாளாகத் திறக்காமல் கிடந்த மெயிலைத் திறந்தேன். திருத்தும் அனுமதி கேட்டு மாமா முறைப்படி விண்ணப்பித்திருந்தார். போன் செய்ய வேண்டாம் என்று நான் சொன்னதை எங்கள் குடும்பத்திலேயே மதித்த ஒரே மனிதர். எடுக்காத போனுக்குப் பிறகு மறுபடி கூப்பிடாமல் படிவம் வழியாகவே கேட்டிருக்கிறார். கூடவே இரண்டு வரி: 'மாப்ள, எம் பேரு விட்டுப்போச்சு. நின்னுக்கிட்டு வந்தாலும் சரி, சேத்துவிடு. மாலைக்குச் சொல்லிட்டேன்.' கீழே 'அனுமதி கொடு' என்ற பொத்தான் அப்போதும் அப்படியே இருந்தது. அழுத்தினேன். கல்யாணம் முடிந்து, சாப்பிட்ட இலை காய்ந்த பிறகு, என் மாமாவுக்குப் பஸ் சீட்டைத் திருத்தும் அதிகாரம் கிடைத்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பந்தியிலும் மாமா கறி வாளியைப் பார்த்தால் என்னைக் கூப்பிடுவார். "மாப்ள, எனக்குத் திங்கலாமா, பாக்க மட்டுமா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

போன வருஷம் கவிதாவின் மகளுக்குக் காதுகுத்து. குழந்தைக்குத் தாய்மாமன் நான். என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். புது வேட்டி கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்காரப் போனேன். கவிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய் முருகேசன் மாமா மடியில் வைத்தாள்.

"எனக்கு விட்டுப்போனத எம் மகளுக்கு அவுக செய்யட்டும்ணே. ஒனக்குப் பாக்க மட்டும்."

கூட்டம் மொத்தமும் சிரித்தது. அத்தை கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது. மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்னா நின்னு பாத்துக்கிட்டிருக்க மாப்ள? வந்து பிள்ளை கையப் புடி."

நான் கேட்கவே இல்லை. அவராகவே கொடுத்துவிட்டார்.