மார்கழிக்கு முன் ஒரு வீடு

இந்த வருசம் கீழே மதுரைப் பக்கம் ஒரு வீடு பார்த்தே தீருவது என்று ஐப்பசி மாசத்தில் பாண்டியராஜன் சபதம் எடுத்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, மனைவி நாகஜோதியின் முகத்துக்கு நேரே எடுத்த சபதம். அதில் பொய் ஒன்றும் கிடையாது. பார்ப்பதாகத்தான் சொன்னார். எடுப்பதாகச் சொல்லவில்லை.

தோட்டக்கலைத் துறையில் உத்தியோகம் பார்த்து, கொடைக்கானலிலேயே வீடும் கட்டி, ரிட்டயர் ஆன பிறகும் மலையை விட்டு இறங்க மனசில்லாத மனுசன் அவர். அங்கே காய்கறிக் கடைக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரைக்கும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். நாகஜோதி டி. கல்லுப்பட்டிக்காரி. வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த உடம்பு. கல்யாணம் முடிந்து மலையேறிய அன்றைக்கு மாட்டிய ஸ்வெட்டரை இன்னும் கழற்றவில்லை. இப்போது வயசாகிவிட்டது. கார்த்திகை பிறந்தால் விரலெல்லாம் விறைத்துக்கொள்ளும். போன பனிக்காலத்தில் தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள முடியாமல் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுததைப் பாண்டியராஜன் பார்த்துவிட்டார். பார்த்ததைச் சொல்லவில்லை. டாக்டர்தான் சொன்னார்: "பனிக்காலத்துக்கு மட்டும் கீழ போயி இருங்கம்மா. மாத்திரையெல்லாம் அப்புறம்."

நியாயமான பேச்சு. பாண்டியராஜனுக்கும் தெரியும். ஆனால் அவருக்கு ஒரு பயம். கீழே இறங்கினால் இவள் திரும்ப ஏற மாட்டாள். இவள் இல்லாத அந்த வீட்டில் தன்னால் ஒரு ராத்திரி இருக்க முடியாது. வெந்நீர் வைக்கத் தெரியாது என்பதற்காக இல்லை. வெந்நீர் வைக்கவும் தெரியாதுதான்.

அதனால் ஒரு திட்டம் போட்டார். வீட்டை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? இந்த ஒரு கேள்வியைக் கார்த்திகை முடிகிற வரைக்கும் இழுக்க வேண்டும். மார்கழி பிறந்துவிட்டால் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள், குடி போக மாட்டார்கள். தை வந்ததும், 'பனிதான் பாதி போச்சே, அடுத்த வருசம் பாப்போம்' என்று முடித்துவிடலாம். இந்த யோசனை வந்த அன்றைக்கு அவர் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

வாராவாரம் மலையிறங்கினார்கள். வீட்டுப் புரோக்கர் வீரணன் பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருப்பார். முதலில் பரவையில் ஒரு வீடு, விலைக்கு.

"வாங்கிப் போட்ருங்கண்ணே. வீட்டுக்கு வீடு, சொத்துக்குச் சொத்து."

"நாலு மாசம் இருக்கறதுக்கு ஒரு வீட்டை வாங்கவா? மிச்ச மாசம் யாரு இருப்பா?"

"பூட்டிப் போடுங்க."

"பூட்டிப் போட்டா கரையான் குடி வந்துரும். அதுக்குப் பால் காய்ச்ச வேண்டியதில்ல பாருங்க."

நாகஜோதி சிரிக்கவில்லை. "அப்ப வாடகைக்கே பாப்போம்ங்க" என்றாள்.

அடுத்த வாரம் பழங்காநத்தத்தில் ஒரு வாடகை வீடு. காற்று நன்றாக வந்தது. வெளிச்சமும் வந்தது. பாண்டியராஜனுக்குக் கலக்கமாகிவிட்டது.

"நாலு மாசத்துக்குன்னு யாரு வாடகைக்கு விடுவா? வருசம் பூராவும்ல குடுக்கணும். நாம இல்லாத மாசத்துக்கும் வாடகை குடுக்கறதுக்கு வாங்கிறலாமே!"

"அப்ப வாங்கிறுவமா?" என்றாள் நாகஜோதி.

"வாங்கறதுன்னா என்ன கத்திரிக்காயா? நிதானமா யோசிக்கணும் புள்ள."

வீரணன் பாவம், தலையைச் சொறிந்தார். "அண்ணே, ரெண்டும் வேணாம்னா ஒத்திக்கு எடுங்க. மொத்தமா ஒரு தொகையக் குடுத்துட்டு வாடகை இல்லாம இருக்க வேண்டியது. காலி பண்றப்ப குடுத்ததத் திரும்ப வாங்கிக்க வேண்டியது."

பாண்டியராஜன் முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை இரண்டு வழியை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியவருக்கு மூன்றாவதாக ஒரு வழி கிடைத்தது.

"ஒத்தியா! இத ஏன்யா மொதல்லயே சொல்லல?"

"சொன்னா எடுத்துருப்பீகளா அண்ணே?"

"யோசிச்சிருப்பேன்ல."

திரும்புகிற பஸ்ஸில் நாகஜோதி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முந்தானைக்குள் இரண்டு கையையும் பொத்தி வைத்துக்கொண்டு, மலை ஏற ஏற ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். பாண்டியராஜனுக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னலை இழுத்து மூடினார். அதற்கு மேல் செய்யத் துணியவில்லை.

கார்த்திகைக் கடைசியில் திருமங்கலத்தில் ஒரு வீடு பார்க்கப் போனார்கள். மகள் தமிழ்வாணியைக் கட்டிக்கொடுத்த ஊர். அவள் வீட்டுக்கு அடுத்த தெரு. வீட்டுக்கார அம்மா தங்கப்பொண்ணு மாடியில் இருந்துகொண்டு கீழ் வீட்டை வாடகைக்கு விடுகிறார். காலையிலேயே வந்துவிட வேண்டும் என்று நாகஜோதி அவரை முதல் நாளே மகள் வீட்டில் தங்க வைத்துவிட்டாள். தமிழ்வாணியும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள்.

"மொட்டை மாடியில தண்ணித் தொட்டி எப்பிடியிருக்குன்னு பாத்துட்டு வாங்க. நீங்க பாத்தாத்தான் எனக்குத் திருப்தி" என்றாள் நாகஜோதி.

இப்படி ஒரு வார்த்தை சொன்னால் எந்தப் புருசன் போக மாட்டான்? வீரணனைக் கூட்டிக்கொண்டு மேலே போய், தொட்டியைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து உள்ளே குனிந்து, "யாரது?" என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். கீழே வந்தபோது அடுப்படியில் பால் வாசம். மூலையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்ன, பகல்லயே விளக்கு எரியுது? கரண்ட் இல்லையா?"

"இப்பத்தான் போச்சு" என்றார் தங்கப்பொண்ணு.

கரண்ட் வேறு நிற்காதா! பாண்டியராஜன் மனசுக்குள் ஒரு குறையைக் கூட்டிக்கொண்டார்.

நாகஜோதி ஒரு டம்ளர் பாலை நீட்டினாள். "குடிங்க. வெயில்ல நின்னுருக்கீங்க. இங்கிட்டுத் திரும்பி, கிழக்க பாத்து நின்னு குடிங்க. அங்கிட்டுக் கண்ணு கூசும்."

"சீனி தூக்கலா இருக்கே."

"நல்லதுதான். இன்னொரு டம்ளர் குடிங்கப்பா" என்றாள் தமிழ்வாணி. குடித்தார். யார் வீட்டுப் பாலோ, நன்றாகத்தான் இருந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். "தொட்டி சின்னது. கரண்டும் நிக்கல. வாடகைக்கா ஒத்திக்கான்னும் யோசிக்கணும். அடுத்த வாரம் வேற பாப்போம்."

"சரிங்க" என்றாள் நாகஜோதி. இத்தனை வருசக் குடித்தனத்தில் அவள் இப்படி ஒரே பேச்சில் சரி என்று சொன்னதே இல்லை. வேறு ஆளாயிருந்தால் அங்கேயே உசாராகியிருப்பான்.

மார்கழி முதல் நாள் காலை. பாண்டியராஜன் குளித்து, திருநீறு பூசி, துக்க வீட்டுக்குப் போகிற முகத்தோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"ஜோதி, மார்கழி பொறந்துருச்சே."

"ஆமாங்க."

"எம்புட்டு அலைஞ்சோம்! ஒன்னும் அமையலயே. இனிமே எவன் வீட்டுல பால் காய்ச்ச விடுவான்?"

"எதுக்குக் காய்ச்சணும்? அதான் காய்ச்சியாச்சே."

"எங்க?"

"திருமங்கலத்துல. நீங்கதான ரெண்டு டம்ளர் குடிச்சீங்க!"

பாண்டியராஜன் நாற்காலி நுனிக்கு வந்தார். "அன்னைக்குக் கரண்ட் இல்லைன்னுதான விளக்கு..."

"கரண்ட் எங்க போச்சு? ஒங்க தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கிட்டுல்ல இருந்துச்சு!"

"வாங்கிட்டியா, வாடகையா?"

"வாடகைதான். தமிழு அட்வான்ஸ் குடுத்துட்டா. கார்த்திகையில பாலைக் காய்ச்சிட்டா, சாமானை எப்ப வேணாலும் கொண்டு போகலாம். ஊருக்கே தெரியும், ஒங்களுக்குத் தெரியாதா? எந்திரிங்க, வேன் வாரேன்னு போன் பண்ணிட்டான்."

வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மலையிறங்கும்போது பாண்டியராஜன் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். வாடகைதானே. வாங்கியிருந்தால்தான் ஆபத்து. பனி முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு ஏறிவிடலாம்.

திருமங்கலத்தில் அவரை ஒருத்தரும் 'சார்' என்று கூப்பிடவில்லை. 'நாகஜோதி வீட்டுக்காரர்' என்றார்கள். மலையில் வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல இருந்தவள் இங்கே காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும் பேசினாள். தங்கப்பொண்ணுவோடு மாடிப்படியில் நின்று பேசினாள். மகளோடு பேசினாள். கீரைக்காரம்மாவிடம் விலை பேசிவிட்டு, அவள் குடும்பக் கதையும் பேசினாள். தைப் பொங்கலுக்குள் விரல்கள் மடங்க ஆரம்பித்தன. பொங்கலன்று தலையைத் தானே பின்னி, பூவைத் தானே வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பாண்டியராஜன் எழுந்துபோய் அந்தப் பின்னலைப் பார்த்தார். சந்தோசம்தான். அந்தச் சந்தோசத்தோடு பழைய பயமும் சேர்ந்து பெரிசாகிக்கொண்டே போனது.

பங்குனி பிறந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. திருமங்கலமே புலம்பியபோது சந்தோசப்பட்ட ஒரே ஆள் பாண்டியராஜன்தான். பெட்டியை எடுத்து வேட்டி சட்டைகளை அடுக்கினார்.

"ஜோதி, கெளம்பு. பனி போச்சு. டாக்டர் பனிக்காலத்துக்கு மட்டும்தான சொன்னாரு."

"நான் வரலைங்க."

அவர் அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். கெட்டிக்காரத்தனமெல்லாம் வடிந்துபோயிற்று.

"இதுக்குத்தான்டி பயந்தேன். எறங்குனா நீ திரும்ப ஏற மாட்டேன்னு. அதான் வாங்கறதா, வாடகையா, ஒத்தியான்னு இழுத்தடிச்சேன்."

"தெரியும். சரியாத்தான் பயந்துருக்கீங்க."

"நீ இல்லாம அங்க நான் எப்பிடி இருப்பேன்?"

நாகஜோதி பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "முப்பது வருசத்துக்கு மேல ஒங்களுக்காக அந்தப் பனியில இருந்தேன். பேச ஆளில்லாம செவத்தோட பேசுனேன். ஒருநா ஒருபொழுது போறேன்னு சொல்லிருப்பனா? இனி நீங்க எனக்காக இந்த வெயில்ல இருங்க. என்னால திரும்ப அங்க சாக முடியாதுங்க." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பாண்டியராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்த சட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டார். வேட்டியில் கை வைத்தபோது கடைசியாக ஒரு ஆசை எட்டிப் பார்த்தது.

"சரி, இங்கயே இருப்போம். சித்திரை வெயிலுக்கு மட்டும் ஒரு பத்து நாள் மேல போயி இருந்துட்டு வாரேன். நம்ம வீடு சும்மாத்தான பூட்டிக் கெடக்கு?"

"பூட்டியா? அத வாடகைக்கு விட்டாச்சுங்க."

விட்டாச்சா! சண்டை போடலாம் என்று எழுந்தார். எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார். அரசாங்க உத்தியோகம், ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள் என்று பயந்து அந்த வீட்டை நாகஜோதி பேரில் எழுதி வைத்தவரே அவர்தான்.

"யாருக்குடி விட்ட?"

"டூரிஸ்ட்டுக்கு ரூம் ரூமா விடுற ஒரு பொண்ணுக்கு. நல்ல புள்ள. ஒங்க ரோஜாச் செடிக்கெல்லாம் தண்ணி ஊத்துறேன்னு தானா சொல்லுச்சு."

"அப்ப எனக்கு வெயில் தாங்கலைன்னா?"

"அத விட்ருவனா? ஒங்களுக்குன்னு நம்ம பெட்ரூமையே கேட்டுப் பாத்தேங்க. சீசன்ல முன்னாடியே புக் பண்ணிரணுமாம். இந்த வருசம் ஃபுல்லாம்."