தாண்டவன் குரங்கின் அட்வான்ஸ்டு இங்கிலீஷ்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், எல்லாக் காட்டிலும் இதே கூத்துதான், தாண்டவன் என்றொரு குரங்கு இருந்தது. உயரமான மருத மரத்தில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்ப்பது அதன் வேலை. புலி வந்தால் "புலி" என்று கத்த வேண்டும், கீழே மேயும் மான்கள் ஓடிப் பிழைக்கும். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நடந்து வந்தது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை தாண்டவனுக்கு மட்டும்தான். இவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்துகொண்டு இரண்டே எழுத்தைக் கத்துவது அதற்குக் கேவலமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து டவுனிலிருந்து ஒரு கிளி வந்து சேர்ந்தது. டியூஷன் சென்டர் ஜன்னலில் வருஷக்கணக்காகக் கூண்டில் தொங்கிய கிளி அது. பெரிய இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் அதற்கு அத்துப்படி, அர்த்தம்தான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

"சின்ன வார்த்தை பேசுறவனை யாரு சார் மதிக்கிறா?" என்றது கிளி. தாண்டவன் அன்றைக்கே வகுப்பில் சேர்ந்துவிட்டது. பேன் பார்க்கும்போதுகூட உருப்போட்டது.

ஒரு சாயங்காலம் புதருக்குள் வரி தெரிந்தது. கோட்டைச்சாமி புலி. மரத்தடியில் பொட்டம்மா மான், புதிதாகப் பிறந்த குட்டியோடு மேய்ந்துகொண்டிருந்தது. தாண்டவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இம்மினென்ட் கார்னிவோரஸ் கேட்டாஸ்ட்ரபி" என்று முழங்கியது.

ஒரு மானும் நகரவில்லை. என்ன அருமையான இங்கிலீஷ் என்று அண்ணாந்து பார்த்து நின்றன. அர்த்தம் கேட்கலாம்தான், கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே. அதனால் புரிந்த மாதிரி தலையாட்டின. தாண்டவனோ, ஐயோ, அந்தக் குட்டி போய்விடுமே என்று பதறிப் பழைய சொல்லைக் கத்த வாயைத் திறந்தால், பழக்கதோஷத்தில் "அன்பிரெசிடென்டட் ஃபெரோஷியஸ் எக்ஸிஜென்சி" என்றுதான் வந்தது.

பாயப் போன புலி நின்றது. தன்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள், என்னவென்றுதான் தெரியவில்லை. தயங்கித் தயங்கிப் பொட்டம்மாவிடம் வந்து, "அவரு என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டது.

பொட்டம்மா குட்டியைத் தன் பின்னால் மறைத்துக்கொண்டது. ஆனாலும், தனக்குத் தெரியாது என்று சொல்ல மட்டும் மனம் வரவில்லை.

"இதுகூடவா உங்களுக்குத் தெரியாது?"

புலியின் முகம் சுருங்கிவிட்டது. "தெரியாம என்ன? சரியாத்தான் சொல்றாரு" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனது.

மறுநாள் கிளியின் வகுப்பில் முன்வரிசையில் புலி. இன்னும் படிக்கிறது. படித்து முடிக்கிற நேரம் பார்த்துக் கிளி இன்னொரு பெரிய வார்த்தையை எடுத்து விடுகிறது. பசிக்கிறது என்று சொல்லவும் புலிக்கு வெட்கம், அதற்கான பெரிய வார்த்தையைக் கிளி இன்னும் நடத்தவில்லை. மான்கள் நிம்மதியாக மேய்கின்றன.

நீதி: இங்கிலீஷில் பெரிய பெரிய வார்த்தையாகப் பேசுங்கள், புலிக்குப் பயப்பட வேண்டாம். அர்த்தம் கேட்பவனைக் கண்டால் மட்டும் ஓடிவிடுங்கள்.