விசிலடிக்கும் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும்

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசியுடன் எழுதுவது. அங்கே நீங்களும் என் மகளும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே சுகமா இல்லையா என்பதை நீங்கள் வாங்கிக் கொடுத்த பெட்டிதான் முடிவு செய்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உங்கள் அத்தையின் இதயத் துடிப்பை வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று பொறுமையாக விளக்கினீர்கள். பெட்டி துடிப்பை ஒன்றும் பூஜ்யமுமாக மாற்றிக்கொள்ளும், ஆனால் டெலிபோன் கம்பி மனிதக் குரலுக்காகப் போட்டது, எண்கள் அதில் அப்படியே போகாது, ஆகவே ஒன்றுக்கு உச்சத்தில் ஒரு விசில், பூஜ்யத்துக்குத் தணிந்த விசில், அந்தப் பக்கத்துப் பெட்டி அதைக் கேட்டு மறுபடி துடிப்பாக வரைந்துவிடும் என்றீர்கள். எனக்குப் புரிந்தது. ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்தே காலம் தள்ளியவன் நான். குரல் கொடுத்துப் பிழைக்கும் இன்னொரு ஜீவன் என்று பெட்டிமேல் பாசம்கூட வந்தது.

அந்தப் பாசம்தான் வம்பாகப் போயிற்று. திங்கட்கிழமை உங்கள் அத்தை மணிக்கட்டுகளில் பெட்டியின் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார, ரிசீவரைப் பெட்டிமேல் வைத்தோம். அது கீச்கீச்சென்று ஆரம்பித்தது. முன்னறிவிப்பு இல்லாமல் ஒன்றை அனுப்புவதா என்று என் வாய் சும்மா இருக்கவில்லை. குனிந்து, "கவனிக்கவும், இதயம் புறப்பட்டுவிட்டது, தயவுசெய்து பெற்றுக்கொள்ளவும்" என்று பழைய குரலில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் கூப்பிட்டார். "சார், துடிப்பு தாறுமாறா இருக்கு. அம்மாவை உடனே படுக்க வைங்க, அசைய விடாதீங்க!" மாடிக்கு ஓடினேன். அங்கே உங்கள் அத்தை முக்காலிமேல் ஏறித் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இறங்கு! உனக்கு உடம்பு சரியில்ல!"

"யாரு சொன்னது?"

"டெலிபோன்!"

பிடித்து இறக்கிப் படுக்க வைத்துவிட்டு நான் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். மறுபடி அனுப்பினோம், இந்த முறை என் வாயில் துண்டு. எல்லாம் சரியாக இருந்தது. "முதல்ல யாரு சார் நடுவுல பேசினது? உங்க குரலையும் விசில்னு நினைச்சு மெஷின் எண்ணை மாத்திப் படிச்சிருக்கு" என்று நர்ஸ் சிரித்தார். நானும் அசடு வழிந்தேன்.

விஷயம் அதோடு முடியவில்லை, மாப்பிள்ளை. வியாழன் மதியம், நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, உங்கள் அத்தை தானாகவே ஒரு முறை அனுப்பியிருக்கிறாள். ரயில் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவன், எனக்கு எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடியும் அதே செய்தி: துடிப்பு விட்டு விட்டு வருகிறது, உடனே வரவும். யார் பேசினார்கள்? நான் வாயே திறக்கவில்லை. குறட்டையையும் பெட்டி எண்ணாகப் படிக்கிறதோ என்னவோ. போகலாம் வா என்றால், "நாளைக்குப் போலாம், நீங்க அலட்டிக்காதீங்க" என்கிறாள். அன்றிலிருந்து என்னைத் திட்டுவதில்லை. தண்ணீர்க் குடத்தை என்னைத் தூக்க விடுவதில்லை, அவளே தூக்குகிறாள். படியேறப் போனால் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். அவள் எதையோ மறைக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் இல்லாத வீட்டில் நான் யாருக்கு அறிவிப்பு செய்வேன்? இந்தப் பொய்க்காரப் பெட்டியை உடனே வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

மகளுக்கு என் ஆசி. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் அத்தை வாங்கிப் படித்தாள். பிறகு, "வியாழக்கிழமை பட்டையை என் கையில கட்டல. தூங்கிட்டு இருந்த உங்க கையில கட்டினேன். அன்னிக்கு மாடியேறி வந்து நீங்க மூச்சு வாங்கினது எனக்குப் பிடிக்கல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளினேன்" என்றாள். வாசலில் வண்டி நிற்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம். பெட்டியை எடுத்துப் போக வேண்டாம். மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மேலே பெட்டியைத் திட்டிய வரிகளை மட்டும் அடித்துவிடுங்கள்; பயமாக இருக்கிறது என்று எழுதியது அப்படியே இருக்கட்டும்.