நோன்புக் கஞ்சி குடித்த ஈஸ்ட்

கீழக்கரை,
25.9.2007

அன்புள்ள நெய்னா முகம்மது காக்கா அவர்களுக்கு,

ஸலாம். இங்கு யாவரும் நலம். துபாயில் உங்களையும் அல்லாஹ் நலமாக வைப்பானாக. நோன்பிருக்கும் ஓர் உயிர் தன் உடம்பிலேயே கொஞ்சத்தைக் கிள்ளித் தின்றால் நோன்பு முறியுமா? தாவரவியல் கற்பிக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று ஆய்வகத்தில் இந்தக் கேள்வி எழுந்துவிட்டது.

உங்கள் மகள் நஸீரா என்னிடம் எம்.ஃபில். பட்டத்துக்காக ஈஸ்டைப் பட்டினி போட்டு ஆராய்வது உங்களுக்குத் தெரியும். நைட்ரஜன் கிடைக்காத ஈஸ்ட் செல், தன் உட்கருவின் ஓரத்தைச் செரிமானப் பைக்குள் பிதுக்கித் தள்ளி, துண்டு துண்டாகக் கரைத்துப் பிழைத்துக்கொள்ளும். விறகில்லாதவர் வீட்டுப் பத்திரத்தில் எழுத்தில்லாத ஓரங்களை மட்டும் கிழித்து அடுப்பில் போடுவது போல. நேற்று அது தெளிவாகத் தெரிந்தது, படமும் எடுத்தாள். நாளை தேர்வாளர் நேரில் பார்க்க வருகிறார், மதுரையிலிருந்து இரவல் வாங்கிய நுண்ணோக்கியை நாளை மாலையே திருப்ப வேண்டும், தேறாவிட்டால் படிப்புப் போதும், நிக்காஹ்தான் என்று நீங்கள் வேறு ஃபோனில் சொல்லியிருக்கிறீர்கள். இப்படியிருக்க, இன்று மஃரிப் பாங்கு கேட்டு நோன்பு திறக்க அடுத்த அறைக்குப் போய்த் திரும்பினால், ஈஸ்ட் குடுவை மஞ்சளாக இருக்கிறது. மல்லித்தழை மிதக்கிறது. துப்புரவு பார்க்கும் இருளம்மாள், பள்ளிவாசல் கஞ்சி வாங்கிய தூக்குவாளியோடு பக்கத்தில் நிற்கிறார்.

“என்ன செஞ்சீங்க இருளம்மா?” என்றேன்.

“நாலு நாளாப் பட்டினி, தன்னையே திங்கிதுன்னு நீங்கதானம்மா சொன்னீக. ஊரே நோன்பு தொறக்குது, இது மட்டும் இங்கன வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கணுமா?”

“அதுக்கு வாயே கிடையாது.”

“அப்ப எதால திங்கிது?”

நஸீரா அழுதாள். இருளம்மாள் அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்.

ஆட்டுக்கறி போட்ட கஞ்சி, காக்கா. நைட்ரஜன் தாராளம். இனி அது எதுக்கு உட்கருவைத் திங்கப் போவுது? புதிதாகப் பட்டினி போட நாளும் இல்லை. நாளை அவள் தேறமாட்டாள். தவறு பிள்ளையுடையதல்ல, இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். உங்கள் துஆவில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
மெஹருன்னிசா

பி.கு. (26.9.2007): மேலே எழுதியதை அடித்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். தேர்வாளர் படங்களைப் பார்த்துவிட்டு, “இரை கொடுத்தால் இது நிற்கிறதா? ஒப்பிட ஒரு குடுவை வைத்தீர்களா?” என்று என்னைக் கேட்டார். வைக்கச் சொல்ல நான் மறந்திருந்தேன். நஸீரா கஞ்சிக் குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைத்தாள். வேறு கிருமிகளும் நீந்தின; ஆனால் ஓர் ஈஸ்டும் தன் உட்கருவைத் தொடவில்லை. தேறிவிட்டாள். இரையின் செய்முறையை மட்டும் ஆய்வேட்டில் அளவோடு சேர்க்க வேண்டுமாம். கஞ்சி காய்ச்சுபவரிடம் போய்க் கேட்டோம். “ஆயிரம் பேருக்குன்னா இப்பவே சொல்றேன்” என்றார். “ஒரு கரண்டிக்கு யாருக்கும்மா தெரியும்?”