நாற்பது பேருக்கும் ஒரே ரத்தம்

பழைய பேட்டரிகளில் இருந்து வரும் ஈயத்தை உருக்கிக் கட்டியாக வார்ப்பது எங்கள் தொழிற்சாலை. ஈயப் புகை உடம்புக்கு ஆகாது. ஆகவே ஆண்டுதோறும் நாற்பது ஊழியர்களுக்கும் ரத்தப் பரிசோதனை நடத்த வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை மீறும் பழக்கம் எங்கள் நல அதிகாரிக்கு அறவே கிடையாது. நாற்பது பேரிடமும் ரத்தம் எடுப்பார். எடுத்ததை எல்லாம் ஒரே பாட்டிலில் ஊற்றி ஆய்வுக்கு அனுப்புவார்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள என்னய்யா தனித்தனி ரத்தம்?" என்பார்.

உலை முன்னால் நிற்பது ஒரே ஆள். மீதிப் பேர் கிடங்கு, காவல், மேற்பார்வை, மேற்பார்வைக்கு மேற்பார்வை. எனவே முடிவு எப்போதும் நல்லபடியாகவே வரும். 'தொழிற்சாலையின் ரத்தம் பூரண நலம்' என்று ஆறு வருஷமாக டைப் அடித்தவன் நான்தான். ஏசி அறையில் ஊறிய என் ரத்தமும் அதில் சேர்த்தி என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்த வருஷம் உலைக்காரருக்குக் கால் வீங்கிவிட்டது. வெளி டாக்டரிடம் போனார். ஈயம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது, இனி உலைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதை வைத்து உலைக்காரர் வேறு வேலைக்கு மாற்றல் கேட்டார்.

"எப்படிய்யா கெடும்? நம்ம ரிப்போர்ட் நல்லா இருக்கே!" என்றார் அதிகாரி.

"சார், அது எல்லாரோட ரத்தம். இது என் ஒருத்தன் சிறுநீரகம்."

"இதான் உன் வியாதி. தனியா யோசிக்கிறே."

'மனுதாரரின் நோய் தொழிற்சாலையின் ஆரோக்கியத்துடன் ஒத்துப்போகாததால் மனு நிராகரிக்கப்படுகிறது.' அதையும் நான்தான் அடித்தேன்.

மறுநாள் டீ நேரம். எல்லோரும் கூடத்தில் இருந்தோம். உலைக்காரரின் மனைவி விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"ஐயா, ரத்தம் பொதுன்னா சிறுநீரகமும் பொதுதானே? இங்க நாப்பது பேரு, எண்பது சிறுநீரகம். எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு குடுங்க. யாரோடதா இருந்தாலும் பரவாயில்லை."

கூடத்தில் ஒருவர் பாக்கி இல்லாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டோம்.

"அதும்மா... அது அவங்கவங்க சொந்த விஷயம்," என்றார் அதிகாரி.

"அப்போ ரத்தமும் சொந்தம்தானே? தனித்தனியாப் பாருங்க. அவர் செத்தா பொதுவாவா செத்துக் கொடுப்பீங்க?"

அன்றே அதிகாரி தனித்தனியாக ரத்தம் எடுக்கச் சொன்னார். நாற்பது பாட்டில்கள் ஆய்வுக்குப் போயின; நாற்பது முடிவுகளும் பட்டியலாக வந்தன, ஆளுக்கு ஒரு பிரதி. உலைக்காரரின் ரத்தத்தில் இருந்த ஈயத்தின் அளவைப் பார்த்ததும் அதிகாரியே எழுந்து நின்றுவிட்டார். அன்றே உலைக்காரரை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

பிறகு அதிகாரி என்னைக் கூப்பிட்டு உத்தரவு ஒன்றைச் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னார். 'உலைக்கு ஆள் தேவைப்படுவதாலும், ஈயத்தை இனிமேல் ஏற்க உடம்பில் அதிக இடம் உள்ளவரே தகுதியானவர் என்பதாலும், பட்டியலில் மிகச் சுத்தமான ரத்தமுடைய...'

அடுத்து அவர் சொன்னது என் பதவியை. கை நின்றது.

"சார், இது அநியாயம்!"

"அப்படியா? ஆறு வருஷமா நீங்கதானே டைப் பண்ணீங்க? ஒரு நாளும் சொல்லலையே."

உதவிக்குக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் நிமிரவில்லை. எனக்கு அடுத்த சுத்தமான ரத்தம் யாருடையது என்று பட்டியலில் தேடிக்கொண்டிருந்தார்கள்.