இடுப்புக்குக் கீழே ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவுடன் எழுதுவது. அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். இங்கு நான் நலம் என்று எழுதத்தான் பேனா போனது. நான் நலமா இல்லையா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே என்பதால் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்துவிட்டுத்தான் பேசுவீர்கள். இது மேசை மேல் வைத்துக் கேட்கிற சமாச்சாரம் இல்லை. தயவுசெய்து தனியாக உட்கார்ந்து, வாய்விட்டுப் படிக்காமல், மனசுக்குள் படிக்கவும். ஆபீசில் மற்றவர்களின் பிழையைத் திருத்தியே ஓய்வு பெற்றவர் நீங்கள். என் எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் மகள் போன வாரம் பெட்டியோடு அங்கே வந்து இறங்கியதற்குக் காரணம் என் தொடை இடுக்கு. இதைவிட மரியாதையாக எழுதப் பார்த்தேன் மாமா, தாள்தான் வீணானது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவர்களுக்கெல்லாம் புது யூனிஃபார்ம் கொடுத்தார்கள். பேன்ட் பார்க்க ஜோராக இருந்தது, ஆனால் துணியா பிளாஸ்டிக்கா என்று தைத்தவனுக்கே தெரியாது. என் சீட்டுக்குப் பக்கத்தில்தான் இன்ஜின். காலையில் ஏறி உட்கார்ந்தால் மதியம்வரை அடுப்பில் வைத்த மாதிரி வேகும். இது போதாதென்று வேர்வை நாற்றம் போகட்டும் என்று கமகமவென்று மணக்கிற சலவைத் திரவம் ஒன்றை நானே வாங்கி வந்தேன். நாலைந்து நாளில் இரண்டு தொடையிலும் சிவந்துபோய், அரிப்பென்றால் அப்படி ஓர் அரிப்பு. மற்றவர்கள் சொறிந்துகொள்வார்கள். எனக்குப் பின்னால் பஸ் நிறையக் குழந்தைகள், பக்கத்தில் ஆயாம்மா. சிக்னலில் நிற்கும்போதுகூடக் கை ஸ்டியரிங்கை விட்டு இறங்க வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். "என்ன அண்ணா, ரொம்ப கோவமா இருக்கீங்க?" என்று ஆயாம்மா கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

மருந்துக் கடைக்குப் போனேன். கடையில் கூட்டம். மெதுவாகச் சொன்னேன்.

"என்னங்க? சத்தமா சொல்லுங்க."

"அரிப்புங்க."

"எங்க?"

"கீழ."

"கால்லயா?"

"இல்லீங்க, கொஞ்சம் மேல."

"முட்டியிலயா?"

இப்படியே அவன் படிப்படியாக ஏறி வருவதற்குள் பின்னால் நின்ற ஒரு பெரியவர், "பாவம், அந்த எடத்துலங்க அவருக்கு," என்று கடைக்கே அறிவித்துவிட்டார். ஒரு டியூபைக் கொடுத்தான். போட்டதும் இரண்டு நாள் சொர்க்கம். அப்புறம் பழையபடி வந்தது. அதுவும் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் போனில் தேடிப் பார்க்கிற புத்தி வந்தது. அதில் வந்த படங்களைப் பார்த்தபிறகு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் அது எனக்கே எடுத்த மாதிரி இருந்தது. உடலுறவால் வருகிற நோய் என்று போட்டிருந்தது. உங்கள் மகளைத் தவிர எனக்கு வேறு யாரையும் தெரியாது மாமா. அதை அவள் அப்பாவுக்கே எழுத வேண்டி வந்திருக்கிறது பாருங்கள். சரி, நமக்கு எப்படி வரும் என்று மூடி வைக்கப் போனால், கீழே இன்னொரு வரி: வருஷக்கணக்கில் வெளியே தெரியாமலும் இருக்கலாமாம். அதோடு என் நிம்மதி போயிற்று. டிரைவர்கள் அறையில் எல்லாரும் முகம் துடைக்கிற துண்டு, பொதுக் கழிப்பறை என்று ஒவ்வொன்றையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

அவளுக்கு வந்துவிடக்கூடாதே என்று முதுகுவலி என்று சொல்லி சோபாவில் படுத்தேன். எனக்கென்று தனி சோப்பு, தனித் துண்டு வைத்துக்கொண்டேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. அவள் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு காலையில் காபியை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"யாருங்க அவ?"

"எவ?"

"அதான் நானும் கேக்கறேன்."

சத்தியமாக ஒன்றும் புரியவில்லை. அவள் என் போனை எடுத்து நீட்டினாள். நான் கடைசியாகத் தேடியது அதில் அப்படியே இருந்தது: 'மனைவிக்குத் தொற்றுமா?'

"எனக்குத் தொத்துமான்னு கேட்டிருக்கீங்க. உங்களுக்கு எங்கேருந்து தொத்துச்சுன்னு கேக்கவே இல்லையே?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது, "சும்மா பொது அறிவுக்குப் பார்த்தேன்." அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்கள் வாசலில் பெட்டியோடு பார்த்திருப்பீர்கள்.

அவள் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆண் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டதற்கு, "அவரு போன வருஷமே ரிடையர் ஆயிட்டாருங்க," என்றார் சீட்டு எழுதுகிற அம்மா. உள்ளே இருந்த டாக்டர் உங்கள் மகளைவிடச் சின்னப் பெண். வெட்கத்தில் நான் சுவரைப் பார்த்துப் பேசினேன். அவர் பேன்ட்டைப் பற்றிக் கேட்டார், சலவைத் திரவத்தைப் பற்றிக் கேட்டார், டியூபைப் பற்றிக் கேட்டார். கையுறை போட்டு, விளக்கடித்துப் பார்த்தார்.

"இது உரசலால வந்த தடிப்புங்க. துணி, வேர்வை, அந்த வாசனை சலவைத் திரவம் எல்லாம் சேர்ந்து தோல் கோச்சுக்கிச்சு. துணி உரசற எடத்துல மட்டும் இருக்கு பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. அந்த டியூப் அதை இன்னும் கெடுத்துடுச்சு."

"அப்ப அந்த நோய் இல்லீங்களா?"

"கொப்புளம், புண்ணு, சீழ், ஒண்ணுக்குப் போனா எரிச்சல், நெறி கட்டறது, இதுல ஏதாவது இருந்தா எனக்கு சந்தேகம் வரும். உங்களுக்கு இல்ல. ஆனா கண்ணால பாத்து மட்டும் யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது. வலிக்காத புண்ணும் உண்டு. ஒண்ணுமே வெளிய தெரியாமயும் இருக்கும். மனசுல இவ்வளவு பயம் இருக்கே, டெஸ்ட் எடுத்துடலாம். வேற யார்கூடயாவது பழக்கம் உண்டா?"

"இல்லீங்க."

"சரி," என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். என்னைத் தெரியாத ஒரு பெண் ஒரே வார்த்தையில் நம்பிவிட்டாரே என்று, அதுவரை சுவரைப் பார்த்துப் பேசியவன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. டியூபை நிறுத்தி, வாசனைச் சலவைத் திரவத்தை நிறுத்தி, தளர்வான பருத்திப் பேன்ட் போடச் சொன்னார். முக்கால்வாசி ஆறிவிட்டது. பருத்திப் பேன்ட்டுக்கு அனுமதி கேட்டு மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். காரணத்தையும் எழுது என்றார், எழுதினேன். அனுமதி கொடுத்துவிட்டார், ஆனால் அதிலிருந்து எனக்குக் கை கொடுப்பதில்லை.

மாமா, எனக்கு அலுத்துவிட்டது. அரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இந்த விளக்கம் சொல்கிற வேலையைத் தாங்க முடியவில்லை. சோபாவை விட்டுக் கட்டிலுக்கு வந்துவிட்டேன். முழுக் கட்டிலும் எனக்கே இருக்கிறது, நான் என் ஓரத்திலேயே படுக்கிறேன். போனில் "எல்லாம் என் தப்புதான் மாமா" என்றேன், நீங்கள் "ம்" என்று வைத்துவிட்டீர்கள். பெண்ணைப் பெற்றவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? அவளிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். உங்கள் இருவர் ஆசியையும் உங்கள் மகளையும், முடிந்தால் ஒரே பஸ்ஸில், அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
எல்லா இடத்திலும் குணமாகி வரும்
உங்கள் மருமகன்

பி.கு.: கவரை ஒட்டப் போனபோது உங்கள் மகள் பெட்டியோடு உள்ளே வந்தாள். கையிலிருந்ததைப் பிடுங்கி, நின்றபடியே முழுசும் படித்தாள். அப்புறம் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"எங்கப்பாவுக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுங்க. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கறோம்னுதான் நான் சொல்லியிருந்தேன்."

நான் ஆடிப்போய்விட்டேன். "அப்ப என்மேல கோவம்?" என்றேன்.

"அங்க போன மறுநாளே போயிடுச்சு. உங்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது? சும்மா நாலு நாள் தூங்கிட்டு வந்தேன்."

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே இருந்தபோது பார்த்தாளாம்: ரொம்ப நாளாக நீங்கள் தனியாக முன்னறையில் படுக்கிறீர்களாம், உங்கள் துணியை யாரையும் தொட விடாமல் நீங்களே துவைக்கிறீர்களாம், நடையே மாறியிருக்கிறதாம். தன்மேல் என்ன கோபமோ என்று அத்தை அடுப்படியில் அழுதார்களாம். "அப்பா சாகற வரைக்கும் டாக்டர்கிட்ட போக மாட்டாரு. அனுப்புங்க," என்கிறாள்.

ஆகவே மாமா, முதலில் எழுதியதையும் கடைசியில் எழுதியதையும் விட்டுவிடவும். டாக்டர் சொன்னதை மட்டும் இன்னொரு தரம் படிக்கவும். உங்களுக்கு என்ன என்று நான் கேட்க மாட்டேன். இதுவா அதுவா என்று அந்த டாக்டர் பெண் பார்த்துச் சொல்லட்டும். எதுவாக இருந்தாலும் மருந்து உண்டு, சிரிக்க மாட்டார். சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. நான் வந்து கூட்டிப் போகிறேன். சீட்டு எழுதுகிற அம்மா யாருக்கு என்று கேட்டால் எனக்குத்தான் என்று சொல்லிவிடுகிறேன். அங்கே என் மானம் ஏற்கெனவே போயாயிற்று.